மூன்றாவது பெயர்

திருவாரூரில் மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொல்வது ஒரு வாய்ப்பழக்கம். தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி. இந்த வரிசை அநேகமாக மாறுவதில்லை. வயதுப்படி பார்த்தால் 1762இல் பிறந்த சாஸ்திரிதான் மூவரில் மூத்தவர், ஆனாலும் அவர் பெயர் கடைசியில்தான் வரும். மற்ற இருவரைவிட அவர் ஒரு மாற்றுக் குறைந்தவர் என்று சங்கீதம் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள். தாளக் கணக்கில் அவர் கட்டிய கட்டுக்கோப்பைக் கண்டு பெரிய வித்வான்களே கொஞ்சம் தயங்குவார்கள். பிறகு ஏன் கடைசி? தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீடர் பரம்பரைகள் வாய்த்தன. தீட்சிதருக்குத் தஞ்சை நால்வர் சீடர்களாக வாய்த்தார்கள், பின்னால் அவர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து அச்சில் கொண்டுவந்த பெரும் நூலும் சேர்ந்துகொண்டது. சாஸ்திரிக்கு உருப்படிகளும் குறைவு, அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோன ஆட்களும் குறைவு. எடுத்துச் சொல்ல ஆள் இருந்த பெயர் முன்னால் போனது, இல்லாத பெயர் பின்னால் நின்றது. இதில் தர வரிசை எதுவும் இல்லை.

இந்தியக் கால்பந்திலும் இப்படி ஒரு மும்மூர்த்தி வரிசை உண்டு. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் இந்திய முன்களம் என்றால் இவர்கள்தான். இந்த மூன்றாவது பெயர்க்காரர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கேட்டதும் ‘அப்படியா’ என்று புருவம் உயர்ந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது அவ்வளவு குறைவு. பலராம் மூன்றாவதாக நிற்பதற்கு அவர் ஆட்டம் காரணமில்லை, அவருக்காகப் பேச ஓர் ஊர் இல்லாமல் போனதே காரணம் என்பது என் வாதம். அந்த ஊராக இருந்திருக்க வேண்டியவர்களில் நாமும் அடக்கம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1936 அக்டோபரில் செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகூடாவில் பிறந்தார். செகந்திராபாத் ராணுவக் குடியிருப்பு ஊர். பட்டாளத்தையும் அதைச் சுற்றிய வேலைகளையும் நம்பிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருந்தன. பட்டாளம் இருந்த இடத்தில் பந்தும் இருந்தது. பையனைக் கண்டுபிடித்தவர் சையத் அப்துல் ரஹீம், இந்திய அணியின் பயிற்சியாளர், ஹைதராபாத் கால்பந்தின் வாத்தியார். 1956இல் ஹைதராபாத் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது, பலராம் அந்த அணியில் இருந்தார். அதே ஆண்டு இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். நெவில் டிசூசாவின் மூன்று கோல்களால் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, அரையிறுதிவரை போய், நான்காவது இடத்தில் முடித்த அணி அது. 1957இல் பலராம் கல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். ஆறு பருவம் ஆடி நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள் போட்டார். 1961இல் அணித் தலைவராகக் கல்கத்தா லீக்கை வென்று தந்தார், அந்த லீக்கில் 23 கோலுடன் முதலிடமும் அவருக்கே. 1960இல் ரோம் ஒலிம்பிக்ஸ், 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், அதே ஆண்டு அர்ஜுனா விருது. 1963இல் பெங்கால் நாக்பூர் ரயில்வே அணிக்கு மாறினார். அந்த ஆண்டே நுரையீரல் உறையைத் தாக்கிய நோய் வந்து, இருபத்தேழு வயதுக்குள் ஆட்டம் முடிந்துபோனது. ரஹீமும் அதே 1963 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் போய்ச் சேர்ந்தார். குருவுக்கும் சீடனுக்கும் ஒரே ஆண்டில், ஒரே உறுப்பில்.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். மூன்றாவதாகச் சொல்கிறார்கள் என்றால் மூன்றாவது தரம்தானே, இதில் ஊர் எங்கே வந்தது? நியாயமான கேள்வி, ஆட்டத்தை வைத்தே பதில் பார்ப்போம். ரோமில் இந்தியா சிக்கிய பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரி அணியில் இருந்த ஃப்ளோரியான் ஆல்பர்ட் என்ற இளைஞன் பின்னால் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கினான். அந்த ஹங்கேரி வெண்கலத்தோடு ஊர் திரும்பியது. அவர்களிடம் இந்தியா தோற்றது 2-1 என்றுதான், அந்த ஒரு கோல் 79ஆவது நிமிடத்தில் பலராமுடைய காலிலிருந்து வந்தது. பிரான்ஸுடன் 1-1, அந்தக் கோல் அணித் தலைவர் பானர்ஜியுடையது. ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று அடிவாங்கியபின் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்ற அந்த இரண்டு ஆட்டங்களிலும் பலராம் கோல் போட்டார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது கோல் பட்டியலில் பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும்தான் இருக்கிறார்கள். ஜர்னைல் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டவர். தையல் போட்ட தலையோடு பின்களத்திலிருந்து முன்களத்துக்கு மாற்றப்பட்டு ஆடினார். கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கதை ஜர்னைலிடம் போய்விட்டது, போகட்டும், அவருக்குத் தகும்.

ஆனால் கோல் பட்டியலை மட்டும் வைத்துப் பலராமை எடைபோடுவது தவறு. அவர் முன்களத்தில் நின்று பந்து வரும்வரை காத்திருந்தவர் அல்லர். நடுக்களத்துக்கு இறங்கி வருவார், பந்தை வாங்குவார், இரண்டு பேரை ஏமாற்றி இழுத்துக்கொண்டு, திறந்த இடத்தில் ஓடும் இன்னொருவருக்கு விடுவார். இடது ஓரம், நடு, உள்பக்கம் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். ரஹீமின் நாலு, இரண்டு, நாலு அமைப்பில் நடுவில் இரண்டு பேர்தான். முன்னால் இருக்கும் நால்வரில் ஒருவராவது இறங்கி வந்து கைகொடுக்காவிட்டால் நடுக்களம் ஓட்டையாகிவிடும். இந்த வேலைக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. வடம் பிடித்தவர்களை எல்லோரும் படம் பிடிப்பார்கள், ஆனால் அந்தத் தேர் தேரோடும் வீதி முனையில் சரியாகத் திரும்புவது சக்கரத்தடியில் கட்டை போடுபவர்களின் கணக்கால். (நம் பேச்சுவழக்கில் ‘முட்டுக்கட்டை’ என்பதற்குத் தடை என்ற ஒரே பொருள் மிஞ்சியிருப்பது அந்த வேலைக்கு நாம் கொடுத்த மரியாதையைக் காட்டுகிறது.)

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. மற்ற இருவரும் நீண்ட காலம் ஆடினார்கள், பலராம் ஆறேழு ஆண்டோடு போய்விட்டார், நினைவு நீண்டவரிடம்தானே நிற்கும்? இதில் பாதி உண்மை இருக்கிறது. நோய்க்கு ஊரும் மொழியும் என்ன செய்யும்? ஆனால் பானர்ஜியும் கோஸ்வாமியும் நினைவில் நின்றது வெறும் ஆட்ட ஆண்டுகளால் அல்ல. பானர்ஜி ஆட்டத்தை விட்டபின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் பயிற்சியாளராகி, இரண்டு தலைமுறை வங்காளக் கால்பந்தின் குரலாகவே ஆகிவிட்டார். 1990இல் பத்மஸ்ரீ, 2004இல் ஃபீஃபாவின் நூற்றாண்டு விருது. கோஸ்வாமி ஜகார்த்தா அணியின் தலைவர், மோகன் பகானைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடாதவர், போதாததற்குக் கிரிக்கெட்டில் வங்காள ரஞ்சி அணிக்கும் தலைவரானவர். 1983இல் அவருக்குப் பத்மஸ்ரீ. இருவரும் 2020இல் ஆறு வார இடைவெளியில் இறந்தபோது வங்காளம் அழுத விதம் நாடறியும். பலராமுக்கு அர்ஜுனாவோடு மத்திய அரசின் கௌரவம் நின்றுவிட்டது, பத்ம விருது கடைசிவரை வரவில்லை. வாலாஜாபேட்டையும் உமையாள்புரமும் இல்லாத சாஸ்திரியின் நிலைதான். ஆடிய காலம் குறைவு என்பது ஒரு காரணம், ஆடாத காலத்தில் பெயரைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த இடத்தில் அந்தக் கால ஆட்டக்காரனின் பிழைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஊர் மாறுவது அவன் விருப்பமாக இருந்ததில்லை. இந்தியாவில் கால்பந்து அன்று பெயரளவில் சம்பளமில்லா ஆட்டம். ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது வேலை. போலீஸ், ராணுவம், ரயில்வே, துறைமுகம் என்று எந்த அலுவலகம் அணி வைத்திருந்ததோ அங்கே ஒரு நாற்காலி. பானர்ஜியின் ஆட்ட வாழ்க்கை பெரும்பாலும் ஈஸ்டர்ன் ரயில்வே, பலராமுடைய கடைசிப் புகலிடமும் ரயில்வேதான். இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் இங்கிலாந்தின் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரனுக்கு 1961 ஜனவரிவரை வாரம் இருபது பவுண்டுக்குமேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது, முழங்கால் போனால் அந்தச் சம்பளமும் போச்சு. பலராமுக்கு நுரையீரல் போனபிறகும் ரயில்வே வேலை நிலைத்தது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. பந்தில் கெட்டிக்காரத்தனம் உள்ளவன் வேலையும் பெயரும் இருக்கும் நகரத்துக்குப் போயாக வேண்டும், 1950களில் அது கல்கத்தா. போன இடத்தில் அவன் வெளியூர்க்காரன், விட்டுவந்த இடத்தில் போய்விட்டவன்.

இப்படிப் போனவர்களை ஊர் விட்டுவிடுவது இயற்கைதானே என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. டெனிஸ் லா 1940இல் அபர்டீனில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தார், பலராமைவிட மூன்று வயது இளையவர். மாறுகண், கண்ணாடி, ஒடிசலான உடம்பு. பதினைந்து வயதில் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 1960இல் மான்செஸ்டர் சிட்டி அவரை 55,000 பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு இத்தாலியின் டொரினோ 1,10,000 கொடுத்தது. அதற்கடுத்த ஆண்டு, அதாவது பலராம் ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய ஆண்டில், மான்செஸ்டர் யுனைடெட் 1,15,000. 1964இல் ஐரோப்பாவின் தங்கப் பந்து, ஸ்காட்லாந்துக்காக 55 ஆட்டங்களில் 30 கோல். அவரும் ஒரு மும்மூர்த்தியில் ஒருவர்தான். பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரும் தோளில் கைபோட்டு நிற்கும் வெண்கலச் சிலை மான்செஸ்டர் மைதானத்தின் வாசலில் இருக்கிறது. கிளப் வைத்த அந்தச் சிலையில் வியப்பில்லை. அபர்டீனிலும் அவருக்குச் சிலை இருப்பதுதான் வியப்பு. அந்த ஊர்க் கிளப்புக்கு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, எந்த ஸ்காட்லாந்துக் கிளப்புக்குமே ஆடியதில்லை. ஆனாலும் ஊர் அவருக்குக் குடிமைக் கௌரவம் கொடுத்தது, 2021இல் சிலையும் வைத்தது. ‘எங்களுக்காக ஆடினாயா’ என்று கேட்காமல் ‘எங்களிடமிருந்து போனாய்’ என்பதையே போதுமான உறவாக அபர்டீன் எடுத்துக்கொண்டது.

இந்த விஷயத்தில் அபர்டீனுக்குத் திருவாரூர் இளைத்ததல்ல. தியாகராஜர் பாடியது திருவையாற்றில். சாஸ்திரி வாழ்ந்து முடித்தது தஞ்சாவூரில். தீட்சிதர் காசிவரை போய்வந்து எட்டயபுரத்தில் கண்மூடினார். மூவரும் பாடியது பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும். ஆனாலும் மூவரும் எங்கள் ஊர் என்று இங்கே நினைவில்லங்கள் நிற்கின்றன, ஆண்டுதோறும் ஜெயந்தி நடக்கிறது, வெளியூரிலிருந்து வந்து பாடுகிறார்கள். பிறந்த மண் என்ற ஒரே சான்றை வைத்துக்கொண்டு உரிமை கொண்டாடுவதில் நமக்குக் கூச்சமே இருந்ததில்லை, இருக்க வேண்டியதும் இல்லை. அப்படியானால் பலராம் விஷயத்தில் மட்டும் ‘அவர் பிறந்தது செகந்திராபாத், ஆடியது கல்கத்தா, நமக்கென்ன’ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

அவருக்கு மண்ணே இங்கே இல்லையே, பெற்றோரின் மொழிதானே உறவு, அது மெலிந்த நூல் என்று ஒருவர் மறுக்கலாம். மெலிந்த நூல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடல் கடந்து எங்கோ ஒருவர் அமைச்சரானாலோ விண்வெளிக்குப் போனாலோ தாத்தாவின் கிராமத்தைத் தேடிப்பிடித்துத் தலைப்புச் செய்தி போடுகிறோமே, அந்த நூல் இதைவிடத் தடிமனா? இன்னொன்றையும் பாருங்கள். பலராம் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்ட அதே 1960இல் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார், 1961இலும் போனார். அவரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. சென்னையில் இருந்தார், சென்னைப் பத்திரிகைகள் எழுதின, மகனும் டென்னிஸ் ஆடினார், பெயர் தொடர்ந்தது. திறமையில் இருந்த வித்தியாசம் அல்ல இது. சென்னையில் நூலகத்துக்குப் போனால் ஒருவரைப் பற்றிக் கத்தரிப்புகள் கிடைக்கும், இன்னொருவரைப் பற்றி ஆங்கிலத்தையும் வங்காளத்தையும் தேடிப் போகவேண்டும்.

உரிமை கொண்டாடுவதெல்லாம் வெறும் மொழிப் பெருமை, யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கோலைப் பற்றிச் சொல்கிறேன். ரோமில் இந்தியாவின் கடைசி ஆட்டம் பெருவுடன், 3-1 என்று தோல்வி. அதற்குப்பிறகு இந்தியக் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்ஸுக்கும் தகுதி பெறவில்லை. ஆக, அந்த ஒரு கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் இதுவரையிலான கடைசிக் கோல். அதைப் போட்டது யார்? பலராம் என்று சில பதிவுகளும் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளும் சொல்கின்றன. சைமன் சுந்தர்ராஜ் என்று வேறு பல பத்திரிகைகள் சொல்கின்றன, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக்ஸ் வரும்போதெல்லாம் ‘கடைசிக் கோல் அடித்தவர்’ என்று அவரைப் பேட்டி காண்கின்றன. சுந்தர்ராஜ் தமிழ்நாட்டு ஆட்டக்காரர், 1973இல் கேரளா முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர். இந்த இருவரில் யாராக இருந்தாலும் அந்தக் கோல் ஒரு தமிழரின் காலிலிருந்து போனது. அறுபது ஆண்டுக்குமேல் ஆகியும், ஒரே ஒரு கோலுக்கு இரண்டு சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, யாரென்று தீர்க்க யாருக்கும் தோன்றவில்லை. வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரின் கோலாக இருந்திருந்தால் கல்கத்தா இப்படி விட்டுவைத்திருக்காது. டீக்கடையிலேயே தீர்ப்பு வந்திருக்கும், எதிர்த் தீர்ப்பும் வந்திருக்கும், பிறகு யாராவது ஒரு பேராசிரியர் இத்தாலிப் பத்திரிகைகளைத் தோண்டி ஒரு புத்தகமே போட்டிருப்பார். உரிமை கொண்டாடும் ஊர் இருந்தால் நடப்பது இதுதான். சிலை வைப்பது கடைசி வேலை. முதல் வேலை சரிபார்ப்பது.

வங்காளம் அவரைக் கொண்டாடவில்லையா என்றால் கொண்டாடியது, ஆடிய வரைக்கும். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு அவர் தெய்வம். ஆனால் கிளப் பாசம் என்பது அடுத்த பருவத்தில் அடுத்த தெய்வத்தைத் தேடும் பாசம். தெலுங்கு நாட்டுக்கு அவர் ரஹீமின் பெரிய பட்டாளத்தில் ஒருவர், அங்கே பெயர் சொல்ல இன்னும் பத்துப் பேர் உண்டு. தமிழில்தான் அந்த இடம் காலியாக இருக்கிறது. ரஹீமைப் பற்றி 2024இல் இந்தியில் ‘மைதான்’ என்று பெரிய செலவில் படம் வந்தபிறகு ஜகார்த்தா கதை இளைஞர்களுக்குத் தெரிந்தது, நல்லது. அது வருவதற்கு ஓராண்டுக்குமுன், 2023 பிப்ரவரி 16இல், பலராம் கொல்கத்தாவில் காலமாகியிருந்தார். ஹூக்ளிக் கரையில், உத்தர்பாராவில் ஒரு அடுக்குவீட்டில் கடைசிக் காலம் கழிந்தது.

ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் பெயரும் தமிழ்ப் பெயர்தான், தங்கராஜ். பீட்டர் தங்கராஜ், 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர். அவர் விஷயத்தில் ‘மண் இல்லை’ என்ற சாக்குக்கும் இடமில்லை. நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை இரண்டு முறை தமிழ்நாட்டு மலைமேல் ஏறியிருக்கிறது. அவரும் கல்கத்தா போய் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடி, 2008இல் பொக்காரோவில் இறந்தார். செனயான் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கத்திக்கொண்டிருந்த அந்த மாலை, இந்தியாவின் பதினோரு பேரில் ஒரு முனையில் தங்கராஜும் மறுமுனையில் பலராமும் நின்றிருந்தார்கள். அன்று கொரியர்கள் ஒரு கோல் திருப்பியபிறகு மிச்ச நேரத்தை அவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று தமிழில் ஒரு முழுக் கட்டுரை இருந்தால் சொல்லுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.